வெயில் செய்யும் சமையல்

கோடையைப் பற்றி நம் ஊரில் வழக்கமாக இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழும். ஒன்று புலம்பல், இன்னொன்று எச்சரிக்கை. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. சாலையில் தார் ஊற்றுகிறவரையும் தலையில் செங்கல் சுமக்கிறவரையும் வெயில் என்ன பாடு படுத்தும் என்பதை மறந்துவிட்டுக் கோடையின் இன்பங்களைப் பேசினால் அது நியாயமாகாது. அதை முதலில் சொல்லிவிட்டு, இன்றைய பொருளுக்கு வரலாம். வெயிலிடம் வேலை வாங்கத் தெரிந்த வீடுகள் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன. கோடையின் சந்தோஷங்கள் என்று நாம் நினைத்து உருகுகிற பலவும், கூர்ந்து பார்த்தால், வெயிலே செய்து கொடுத்தவை. பானைத் தண்ணீர் குளிர்வதற்குக்கூட வெயில் உலர்த்திய காற்றுதான் கைகொடுக்கிறது.

பானையிலிருந்தே தொடங்கலாம். மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து வெளிப்புறத்துக்கு வரும். வந்த ஈரம் காற்றில் ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையும் உள்ளே இருக்கும் தண்ணீரும்தான் கொடுக்கின்றன, கொடுத்துக் கொடுத்துத் தாமே குளிர்கின்றன. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். மதுரையிலும் வேலூரிலும் பல் கூசும்படி குளிர்கிற பானை, கடற்கரை ஈரக்காற்று வீசும் சென்னையில் அந்த அளவுக்குக் குளிராமல் போவதற்கு இதுதான் காரணம். பானையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வருடத்துக்கு ஒரு புதுப்பானை வாங்கும் பழக்கத்துக்கும் இதே கணக்குதான். தண்ணீரில் இருக்கும் உப்புகள் நாளாக ஆகத் துளைகளை அடைத்துவிடும். அடைபட்ட பானை கசியாது, கசியாத பானை குளிராது. பானையைச் சமையலறை மூலையில் ஒளித்து வைக்காமல் காற்று ஓடும் இடத்தில், ஈர ஆற்று மணலைப் பரப்பி அதன்மேல் அமர்த்துவது பெரியவர்கள் கண்ட வழி. மணல் ஈரமும் ஆவியாகி அடிப்பக்கத்தைக் குளிர்விக்கும். மானாமதுரைப் பானைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் இருக்கிறது. கடம் வாசிக்கிற வித்வான்கள் தேடிப் போவதும் அந்த ஊர் மண்ணைத்தான். 2023-இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளே ஒரு பிடி வெட்டிவேரைக் கட்டிப் போட்டுவிட்டால் போதும், தண்ணீருக்கு வாசனையும் வந்துவிடும். கடலூர்க் கடற்கரை மணலில் விளைகிற அந்தப் புல்லின் வேர் ஆள் உயரத்தையும் தாண்டிக் கீழே இறங்கும்.

இனி மொட்டை மாடிக்குப் போகலாம். கோடையின் பெரிய சமையலறை அதுதான்.

பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். வீட்டுக் கணக்கோ அதற்கு வெகு முன்பே, மாசி கடைசியில் தொடங்கிவிடும். காற்றில் ஈரம் குறைந்து, வெயில் ஏறி, மழை எட்டிப் பார்க்காத பங்குனிதான் வடாம் போட ஏற்ற மாதம் என்று பெண்கள் தேர்ந்து வைத்திருந்தார்கள். வைகாசியில் போட்டால் கோடை மழை வந்து கெடுத்துவிடும். இன்று வானிலை ஆய்வு மையம் சொல்வதை, மாடியில் நின்று வானத்தையும் காற்றையும் பார்த்தே அவர்கள் முடிவு செய்தார்கள்.

கூழ் வடாத்தின் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கும். அரிசி மாவைக் கரைத்து, பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் விட்டுக் கிளற வேண்டும். அகலமான உருளியில் மாவு கெட்டியாக ஆக ஆகத் துடுப்பு நகர மறுக்கும். மேலெல்லாம் வேர்க்கும், மணிக்கட்டு விட்டுப்போகும். மாவு நிறம் மாறிக் கண்ணாடி போலப் பளபளக்கும்போது, விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒட்டாமல் வந்தால் பதம். ஒட்டினால் இன்னும் கிளற வேண்டும். இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்து, நாழியில் போட்டு, மாடியில் விரித்த பழைய வேட்டியின்மேல் பிழிய வேண்டும். வெயில் சுள்ளென்று அடிப்பதற்குள் வேட்டி முழுக்க நிறைந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வெயிலின் முறை. அன்று மாலைக்குள் வடாத்தின் மேல்பக்கம் காய்ந்து, அடிப்பக்கம் துணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் உடையும். துணியைத் திருப்பிப் போட்டு, முதுகுப்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிஷம் விட்டுவிட்டு எடுத்தால் முழுசாகக் கழன்று வரும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தாம்பாளத்தில் போட்டுக் காய வைத்து, ஒடித்தால் சத்தம் வரும்போது டப்பாவில் அடைப்பார்கள். எண்ணெயில் போட்டதும் அது ஏன் பூவாக விரிகிறது என்பதற்குப் பதில், அந்தக் காய்ந்த வடாத்துக்குள்ளும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கிறது என்பதே. காய்ந்த எண்ணெயில் அந்த ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி மாவைத் தள்ளி விரிக்கிறது. ஈரம் அதிகமானால் வடாம் சரியாகப் பொரியாது, பூசணமும் பூத்துவிடும். இந்த அளவை அளக்கக் கருவி ஏதும் கிடையாது, ஒடியும் சத்தம்தான் அளவு.

காவல் வேலை பிள்ளைகளுக்கு. கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் கையில் குச்சியோடு காக்கையை விரட்ட மாடிக்கு அனுப்பப்படுவார்கள். கறுப்புக் குடை விரித்து வைப்பதும், கறுப்புத் துணி கட்டுவதும் அதே காக்கைக்காகத்தான். காவல்காரர்களுக்குக் கூலியும் உண்டு. பாதி காய்ந்து, மேலே மொறுமொறுவென்றும் உள்ளே கொழகொழவென்றும் இருக்கிற வடாம். இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது கோடை விடுமுறை என்று சொல்லிப் பாருங்கள், பலருக்கு நாக்கில் முதலில் வருவது அந்தப் பாதி காய்ந்த வடாத்தின் புளிப்பும் காரமும்தான். கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது கிடைக்காது, ஏனென்றால் முழுக்கக் காயாத வடாத்தை யாரும் பொட்டலம் கட்டி விற்க முடியாது.

ஜவ்வரிசி வடாம் இதைவிட எளிது. சேலத்துப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து உருட்டி எடுக்கிற ஜவ்வரிசி நாடு முழுவதும் போகிறது. 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அங்கே அந்தத் தொழிலுக்குத் தாங்கலாக இருக்கிறது. தமிழன் வடாம் போடுகிற பொருளைத்தான் மகாராஷ்டிரத்தில் விரத நாளில் கிச்சடியாகச் செய்து சாப்பிடுகிறார்கள்.

வத்தல் வேறு வகை. சுண்டைக்காய், மணத்தக்காளி, பாகற்காய், கொத்தவரை, வெண்டை, கரிசல் காட்டில் மிதுக்கம்பழம் என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். பொதுவான முறை ஒன்றுதான்: இரவில் உப்பு போட்ட புளித்த மோரில் ஊறல், பகலில் மோரைப் பிழிந்து வெயிலில் உலர்த்தல், மாலையில் மறுபடி அதே மோர். மோர் முழுவதையும் காய் குடித்து முடிக்கும் வரை இந்தச் சுற்று ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் காய் தன் தண்ணீரை இழந்து, அந்த இடத்தில் உப்பையும் புளிப்பையும் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஈரமில்லாமல், உப்பும் புளிப்பும் ஏறிய இடத்தில் கிருமிகள் வளர வழியில்லை. ஐப்பசி அடைமழையில் காய்கறி விலை எங்கேயோ போய் நிற்கும்போது, வத்தக்குழம்பு வைக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? தன் காலத்தைத் தாண்டி இன்னொரு பருவத்துக்கும் சோறு போடுகிற வெயில் இது.

டெல்டாப் பக்கத்திலும் விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்திலும் போடுகிற தாளிப்பு வடகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயத்தை நறுக்கி, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து, பகலில் உலர்த்தி இரவில் மூடி வைத்து, நாள்கணக்கில் இதையே திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிப்பார்கள். வெங்காயம் வெயிலில் மெல்லக் கறுத்து இனிப்பும் காட்டமும் ஏறிய ஒரு பொருளாக மாறிவிடும். மீன்குழம்பில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டுத் தாளித்தால் மூன்று வீட்டுக்கு மணக்கும். புதுச்சேரி வழியாக இது பிரான்சுக்குப் போய், அங்கே சமையற்கலைஞர்கள் வாதுவான் என்ற மசாலாவாக்கிப் பெரிய உணவகங்களில் பரிமாறுகிறார்கள். அங்கே விலையுயர்ந்த மசாலா. இங்கே அதைப் போடத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இதைச் சொல்லும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

மாங்காய்க்கு வருவோம். மாம்பழத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இமாம் பசந்தா, மல்கோவாவா, பங்கனபள்ளியா என்ற வழக்கை யாராலும் தீர்த்து வைக்க முடியாது. கடைசியாக, மழை தொடங்கும் நேரத்தில் வருகிற நீலம் மட்டும் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கப்படுகிறது. அந்த நீலத்தையும் வடநாட்டு தசேரியையும் இணைத்துத்தான் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லிகா, ஆம்ரபாலி என்ற இரண்டு ரகங்களை உருவாக்கினார்கள். மாம்பழத்தை அதோடு விட்டுவிடலாம். வீட்டு வேலையின் நுட்பம் முழுக்க மாவடுவில்தான் தெரியும்.

மாசி, பங்குனியில் காற்றுக்கு உதிராமல் பறித்த, விரல் நுனி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரைக்குமான பிஞ்சுகள் சந்தைக்கு வரும். காம்போடு இருப்பதைத்தான் பொறுக்க வேண்டும். காம்பு போனால் சொனை வடிந்து வடுவின் வாசனை குறைந்துவிடும். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, முதலில் விளக்கெண்ணெய் தடவிப் பளபளக்க வைத்து, கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி சேர்த்து ஜாடியில் போடுவார்கள். உப்புக்கு நாலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று வீட்டுக்கு வீடு கணக்கு உண்டு, அந்தக் கணக்கை வைத்துச் சம்பந்திகளுக்குள் சண்டையும் உண்டு. இரண்டாம் நாள் ஜாடியைக் குலுக்கினால் அடியில் தண்ணீர் சலசலக்கும். யாரும் ஊற்றாத தண்ணீர் அது. பிஞ்சுக்குள் இருந்ததை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. உள்ளிருக்கும் நீர் வெளியேற வெளியேறத் தோல் சுருங்கும், உப்பும் காரமும் உள்ளே இறங்கும். தினம் ஒரு முறை ஈரமில்லாத கையால் குலுக்கிவிட வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் தயிர்சாதத்துக்குத் தயார். வடு தீர்ந்த பிறகு ஜாடியில் மிஞ்சும் அந்தச் சாறு மோரில் ஒரு கரண்டி விழுந்தால் மோரின் குணமே மாறிவிடும். ஜாடியைக் கழுவிக் கொட்டுகிறவர்களைக் கண்டால் பாட்டிமார்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தோட்டத்தில் வெயிலுக்கு நன்றி சொல்ல வேண்டிய முதல் செடி மல்லிகை. மற்ற செடிகளெல்லாம் வாடுகிற நேரத்தில் இது பூத்துக் குலுங்கும். மார்கழிப் பனியில் பூ அருகிப்போய் விலை ஏறும். பங்குனி பிறந்ததும் அரும்பு கட்டத் தொடங்கிச் சித்திரை, வைகாசியில் குவியும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்த மல்லியின் நாற்று பெரும்பாலும் இராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்து வருகிறது என்பது பூ வாங்குகிற பலருக்குத் தெரியாது. கடலோரத்து மணலில் வேர்விட்ட குச்சி, மதுரைச் செம்மண்ணில் பூக்கிறது. வீட்டில் தொட்டியில் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, செடியின்மேல் பாசம் வைத்து வெட்டாமல் விடுவது. கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்து, இலைகளை உருவிவிட்டு, நல்ல வெயில் படும் இடத்தில் வைத்துவிட வேண்டும். புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பு வரும். நிழலில் வைத்த செடி இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். விடியற்காலையில் பறித்த மொட்டு அன்று சாயங்காலம் விரியும். பகல் முழுக்க ஈரத்துணியில் காத்திருந்த மொட்டுகளை வாழைநாரில் தொடுத்துத் தலையில் வைக்கிற நேரமும் அது விரிகிற நேரமும் ஒன்றாக அமைவது பூக்காரம்மாக்களின் கணக்கு.

வேம்பும் அப்படித்தான், பங்குனிக் கடைசியில் மரத்தடி முழுக்க வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். துணி விரித்துச் சேகரித்து உலர்த்தினால் வருடம் முழுவதும் ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் பச்சடியில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேர்கின்றன. மூன்றும் அந்த வாரத்தில் கைக்கு எட்டுபவை.

நுங்கை மட்டும் யாரும் வீட்டில் செய்துவிட முடியாது. பனை ஏறுகிறவர் உயிரைப் பணயம் வைத்து இறக்கித் தருவது அது. ஆண் பனை காய்க்காது, பெண் பனைதான் காய்க்கும். எது ஆண், எது பெண் என்று பாளை விடும் வரை, அதாவது நட்டுப் பல ஆண்டுகள் கழியும் வரை, தெரியாது. சாலையோரத்தில் அரிவாளால் பனங்காயின் தலையைச் சீவியதும் பெரும்பாலும் மூன்று கண்கள் தெரியும். கட்டை விரலை ஓரமாக விட்டு ஒரு சுழற்று சுழற்றினால் கண் வெளியே வரும், உள்ளே இருக்கும் இனிப்பு நீர் சட்டையில் தெறிக்கும். மேலே இருக்கும் வெளிர் மஞ்சள் தோலோடு சாப்பிடுவதே நல்லது என்று கிராமத்தில் சொல்வார்கள். அந்தத் துவர்ப்பு இருந்தால்தான் இனிப்பு எடுபடும். தின்று முடித்த நுங்குக் கூடுகள் இரண்டை ஒரு குச்சியில் கோத்துக் கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடினால் நுங்கு வண்டி. மிச்சம் மாட்டுக்குத் தீனி. பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது அது புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றது. மரத்தைக் காப்பாற்றலாம், ஏறுகிறவர் பிள்ளை ஏற முன்வராவிட்டால் நுங்கு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டும்.

குடிக்கிற பொருள்களில் இந்த மண் காட்டும் வகைவகையான ருசி வியக்க வைப்பது. ராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும். பானகத்தில் வெல்லம் களைப்பைப் போக்கும், சுக்கும் ஏலக்காயும் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். நீர்மோரில் உப்பு இருப்பதால் வேர்த்து இழந்தது திரும்பக் கிடைக்கும். நன்னாரி சர்பத்தின் வாசனைக்குக் காரணமான வேதிப்பொருள் வனிலாவின் வாசனைக்குக் காரணமான வனிலினுக்கு உடன்பிறப்பு, அணுக்கள் அதே, அமைப்பு மட்டும் வேறு. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் வைகையில் இறங்கும்போது மதுரையின் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வீட்டுக்கு வீடு வாசலில் அண்டாவை வைத்து, வருகிறவர் யாரென்று கேட்காமல் மோரும் பானகமும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். கருப்பசாமி வேடமிட்டவர்கள் தோல்பையில் தண்ணீர் நிரப்பிக் கூட்டத்தின்மேல் பீய்ச்சி அடிக்கிறார்கள். சித்திரை வெயிலில் அத்தனை லட்சம் பேர் நிற்கிற இடத்தில் பக்தியும் குளிர்ச்சியும் ஒன்றாகவே பொழிகின்றன.

இவ்வளவும் யார் உழைப்பில் நடந்தது என்பதையும் பேசியாக வேண்டும். விடியற்காலையில் கூழ் கிளறியவரும், நடுப்பகலில் மாடியில் வெறுங்காலோடு வத்தலைத் திருப்பிப் போட்டவரும் பெண்கள். வெயிலிடம் வீடு வேலை வாங்கியது என்றால், அந்த வேலையை மேற்பார்த்து வியர்வை சிந்தியது அவர்கள்தான். வடாம் போடும் பழக்கம் குறைந்ததற்கு இன்றைய பெண்களைக் குறை சொல்லும் பேச்சு அங்கங்கே கேட்கிறது, அது ஏற்கத்தக்கது அல்ல. காலையில் எட்டு மணிக்குப் பேருந்து பிடிக்கிறவர் நாலு மணிக்குக் கூழ் கிளற முடியாது. பழக்கம் வேண்டுமென்றால் துடுப்பை வீட்டில் உள்ள ஆண்களும் கையில் எடுக்க வேண்டும். உருளியில் கெட்டியான மாவைக் கிளறுவதற்குத் தோள்பலம்தான் வேண்டும், அது எல்லோரிடமும் இருக்கிறது.

இன்னொரு தடை, பூட்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டை மாடி பொதுச்சொத்து என்று சொல்லிப் பூட்டிவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது புரிகிறது. ஆனால் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை சாவியைக் காவலாளியிடம் கொடுத்து வைத்து, வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக்கொள்வதில் குடியிருப்போர் சங்கங்களுக்கு என்ன சிரமம் இருக்க முடியும்? பத்து வீடுகள் சேர்ந்தால் காக்கை விரட்டப் பிள்ளைகளுக்கும் பஞ்சமிருக்காது. இந்த அவையில் அப்படிப்பட்ட சங்கங்களின் பொறுப்பாளர்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதன்முறை செய்கிறவர்கள் வடாத்தில் கை வைக்க வேண்டாம், சுண்டைக்காயில் தொடங்கலாம். கால் கிலோ சுண்டைக்காயை ஒவ்வொன்றாக லேசாகத் தட்டி, விதை கொஞ்சம் போகும்படி தண்ணீரில் அலசி, புளித்த கெட்டி மோரில் இரண்டு கரண்டி கல்லுப்பு போட்டு ஊற வையுங்கள். மறுநாள் காலை மோரை வடித்துவிட்டுக் காயைத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்து, வடித்த மோரையும் அதே தட்டின் அருகில் மூடி வையுங்கள். சாயங்காலம் திரும்பவும் மோரில். நாலைந்து நாளில் மோர் தீரும், அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வெயில். கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வந்தால் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடிவிடலாம், நல்லெண்ணெயில் வறுத்து வத்தக்குழம்பு வைக்க ஐப்பசி வரை கெடாமல் இருக்கும்.